கண்ணாடிக்குள் கடல்

பேத்துப்பாறையில் வாழும் நம்மில் பலர் கடலைக் காண்பது வேளாங்கண்ணிக்குச் செல்லும்போதுதான். அப்போதும் அலையைக் காண்கிறோமேயன்றி, அதன் அடியில் வாழும் உயிர்களைக் காண்பதில்லை. அவற்றைக் காட்டவென்றே 1909-ஆம் ஆண்டு சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கென அமைந்த முதல் மீன் காட்சியகம் அது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி.

சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். வேடிக்கைப் பெயர்களாயினும் அவற்றுள் ஓர் அறவேறுபாடு உண்டு. நம் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பறவை நம்மிடம் இனி எதையும் கேட்பதில்லை. தொட்டி மீனோ நாள்தோறும் கேட்கிறது. கடலில் அலையும் நீரோட்டமும் உயிர்வளியைக் கலக்கின்றன; கழிவை அகற்றுகின்றன. தொட்டியில் அப்பணி மனிதனுடையது. காற்றுக்குழாய் நின்றால் மீன் மூச்சுத் திணறும்; நீரை மாற்றாவிடில் அதன் கழிவே அதற்கு நஞ்சாகும்.

அப்படியாயின், நம் வியப்புக்காக ஓர் உயிரை அடைத்து வைப்பது தகுமா? தகாது என்று ஒரேயடியாகக் கூற நாம் துணியோம். நோவாவும் அடைத்தார். (மீன்களுக்குப் பேழை தேவைப்படவில்லை என்பது வேறு!) ஆனால் அவ்வுயிர்களுக்கான உணவையும் சேர்த்து வைக்குமாறு அவர் பணிக்கப்பட்டதைத் தொடக்கநூலில் வாசிக்கிறோம். அடைத்தது அவற்றின் நலனுக்காக; வெள்ளம் வடிந்ததும் வெளியே விட்டார்.

1942-இல் சென்னையில் நடந்ததோ வேறு. ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தில் மக்கள் நகரை விட்டு ஓடினர். மீன் காட்சியகம் மூடப்பட்டது. கூண்டு உடைந்தால் மனிதர்க்கு ஆபத்து என்று, காட்சிசாலையின் சிங்கம், புலிகளை ஆயுதக் காவலர் சுட்டுக் கொன்றனர். ஆபத்து மெய்யே. ஆயினும் அவற்றைக் கூண்டுக்குள் கொண்டுவந்தவர் யார்?