பசியும் உயிரும்

மிகுதியாக உண்பாரையும் உடல் பருத்தாரையும் காணுங்கால், 'இவர் மனத்தை அடக்கமாட்டாதவர்' என்று இகழ்தல் உலக வழக்கு. அப்பருமை அவர் குற்றமேயாமோ, அன்றி உடம்பின் இயல்போ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பசி இரைப்பையின் வெறுமையான் மாத்திரம் எழுவதன்று. மூளையின் அடிப்பாகத்துள்ள ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி, உடம்பின் சேமிப்பினை ஓயாது அளந்துகொண்டிருக்கின்றது. கொழுப்பிற் சுரந்து குருதிவழியே ஆண்டுச் செல்லும் லெப்டின் என்னும் பொருள் 'சேமிப்பு உண்டு' என அறிவிக்கும்; இரைப்பையிற் சுரக்கும் கிரெலின் 'உணவு வேண்டும்' எனத் தூண்டும். முன்னையது 1994ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினராலும், பின்னையது 1999இல் ஜப்பானிய அறிஞராலும் கண்டறியப்பட்டன. ஒருவர் உணவைச் சுருக்கி மெலியுங்கால், லெப்டின் குறைய, மூளை பசியை மிகுவித்து, உடம்பு செலவிடும் ஆற்றலையும் குறைக்கின்றது.

1997இல் கேம்பிரிட்ஜ் அறிஞர், லெப்டின் குறையுடன் பிறந்த இரு குழந்தைகளைக் குறித்து எழுதினர். அவருள் எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோகிராம். எத்துணை உண்டும் பசி தணிந்திலது. பின்னர் லெப்டினை ஊசிவழியே செலுத்த, பசியும் எடையும் குறைந்தன. அச்சிறுமியை நாவடக்கமில்லாள் என ஒருவர் இகழ்ந்திருப்பின், அப்பழி யாரைச் சாரும்? இகழ்ந்தாரையே சாரும். இத்தகைய குறை மிக அரிதாயினும், பசியின் வன்மை ஆளுக்காள் வேறுபடுதல் யாவர்க்கும் ஒக்கும்.

அற்றேல், பசியும் நிறைவும் சுரப்புக்களின் செயலாயின், உயிரென வேறொன்று வேண்டா, அடக்கமும் நோன்பும் வறுஞ்சொல்லாம் எனின், அற்றன்று. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் நடத்திய ஆராய்ச்சியில், போர்செய்தலை மனச்சான்று பற்றி மறுத்த 36 இளைஞர் தாமே விரும்பி 24 வாரம் அரைப்பட்டினி ஏற்றனர். பட்டினியால் நலிந்தாரை உணவளித்து மீட்கும் நெறியறிதலே அதன் நோக்கம். அவர் எடையில் ஏறக்குறையக் காற்பங்கு குறைந்தது, நினைவெல்லாம் உணவாயிற்று. சிலர் உறுதி தளர்ந்தனர். ஆயினும் பெரும்பாலார் இறுதிகாறும் நின்றனர். உடம்பு 'உண்' எனக் கூவிய அப்பொழுதே, பிறர் பசியை நினைந்து 'உண்ணேன்' என நின்றது யாது? மூளையின் வேறொரு கூறே எனின், அக்கூறும் கருவியேயாம். கருவி தன்னைத் தான் அறியாது. பசியினை அறிவது பசியின் வேறாதல் வேண்டும்.

சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம், உறக்கத்தில் உண்ணுதல் நிகழாமையையும் ஓர் ஏதுவாகக் கொண்டு, உடம்பின் வேறாய் உயிருண்டென நிறுவுகின்றது. சுரப்புக்கள் உறக்கத்தினும் ஓயா. 'பசித்தேன்' என்னும் உணர்வோ அப்பொழுதில்லை.

ஆகவே, பசியின் அளவு மாயையின் காரியமாகிய உடம்பின் இயல்பென்க. பருத்த உடம்பு வினைக்கேற்ப வாய்த்ததெனக் கூறி இகழ்தலும் பொருந்தாது. மெலிந்த உடம்பும் அவ்வாறு வாய்த்ததே. மெலிந்தார் அதனைத் தம் அடக்கமெனச் செருக்குதற்கு இடனில்லை. குற்றம் பசியின்கண் இன்று. பசியின்றியும் சுவை கருதி அவாவுதலினும், பிறர் பசியைக் கண்டும் காணாது உண்டலினுமே உளது. நோன்பின் பயனும் உடல் மெலிதலன்று. தன் பசிவழியே பிறர் பசியை உணர்ந்து இரங்குதலும், அவ்விரக்கத்தின்வழித் திருவருளைச் சார்தலுமேயாம்.