எண்ணிக்கையும் எண்ணமும்

மக்களின் கருத்தைக் கேட்டறிவது நம் காலத்தின் வழக்கமாகிவிட்டது. தேர்தல் நெருங்கினால் கருத்துக் கணிப்பு. புதிய சட்டம் வந்தால் கருத்துக் கணிப்பு. விளையாட்டு வீரர் தோற்றாலும் கருத்துக் கணிப்பு. இன்று எவரும் பணம் ஏதும் செலவிடாமல் கணினி வழியே ஒரு வினாவை ஊர் முழுவதற்கும் விடுத்து, மாலைக்குள் ஆயிரம் விடைகளைப் பெற்றுவிடலாம். முன்னாளில் முடியரசர்க்கும் கிட்டாத வசதி இது. எவராலும் கேட்கப்படாமல் வாழ்ந்த எளிய மக்கள் இன்று கேட்கப்படுகிறார்கள் என்னும் அளவில் இது நன்மையே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. விடைகளை எண்ணி முடித்தபின் நம் கையில் இருப்பது மக்களின் எண்ணமா, வெறும் எண்ணிக்கையா?

எண்ணிக்கை பெரிதானால் உண்மையும் தெளிவாகும் என்று நம்பியவர்கள் உண்டு. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அவற்றை எண்ணி, ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது. நடந்ததோ வேறு. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. கடும் பொருளாதார நெருக்கடி நிலவிய அக்காலத்தில் தொலைபேசியும் வாகனமும் இல்லாத ஏழைகளில் பலர் கேட்கப்படவே இல்லை. கேட்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் விடை அனுப்பவில்லை. அதே தேர்தலில் மிகச் சிறிய தொகுதியினரிடம் முறையாக வினவிய ஜார்ஜ் கேலப், வெல்பவர் யார் என்பதைச் சரியாகக் கணித்தார். எத்தனை பேரைக் கேட்கிறோம் என்பதைவிட எவரைக் கேட்கிறோம் என்பதே முதன்மையானது என்று கணிப்பியல் அன்று கற்றுக்கொண்டது.

ஆனால் அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 1978இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பகுதியில் ஆய்வாளர் சிலர் ஒரு சோதனை நடத்தினர். ‘1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை’ நீக்கலாமா, கூடாதா என்று மக்களிடம் வினவினர். அப்படி ஒரு சட்டமே கிடையாது! எனினும் கேட்கப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தயங்காமல் தம் கருத்தைக் கூறினர். இல்லாத சட்டத்தைச் சிலர் ஆதரித்தனர், சிலர் எதிர்த்தனர்.

இவர்களைப் பொய்யர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நீதியன்று. ஒருவர் வந்து மரியாதையாக வினவும்போது, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல மனிதன் நாணுகிறான். அறியாமை வெளிப்படுவதைவிட ஏதோ ஒரு விடை மேல் என்று அவனுக்குத் தோன்றுகிறது. இந்த நாணம் நம் எல்லோரிடத்தும் உண்டு. தேநீர்க்கடையிலும் திருமண வீட்டிலும், படிக்காத செய்தியைப் பற்றியும் பழகாத மனிதரைப் பற்றியும் நாம் வழங்கும் தீர்ப்புகள் எத்தனை!

கருத்து என்பது உண்மையில் என்ன? புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்குக் கூரிய விளக்கம் ஒன்று தருகிறார். மனம் ஒரு பக்கத்தை ஏற்கும்போதே, மறுபக்கமும் மெய்யாக இருக்கக்கூடுமோ என்னும் அச்சத்தை உடன் வைத்திருக்குமானால் அதுவே கருத்து. அந்த அச்சம் முற்றிலும் நீங்கினால் அது அறிவாகவோ நம்பிக்கையாகவோ இருக்க வேண்டும். அறிவும் இல்லாமல் அச்சமும் இல்லாமல் பேசுவதற்கு என்ன பெயர்? ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு கட்டங்களில் ஒன்றை நிரப்பச் சொல்லும் கணிப்பு, அந்த நல்ல அச்சத்தை எண்ணுவதில்லை. உறுதியோடு சொன்னவரும் தயக்கத்தோடு சொன்னவரும் அங்கே ஒரே எண்ணாகிவிடுகின்றனர்.

அந்த அச்சம் ஒரு நகரத்தையே காத்த வரலாறு உண்டு. கி.மு. 427இல், தமக்கு எதிராகக் கிளர்ந்து பின்னர் பணிந்த மித்திலினி நகரின் ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று ஏதென்ஸ் மக்கள் அவையில் முடிவு செய்தனர். ஆணையைச் சுமந்துகொண்டு கப்பலும் புறப்பட்டது. மறுநாள் அவர்களின் மனம் உறுத்தியது. குற்றம் புரியாதவர்களையும் கொல்வதா என்னும் கேள்வி எழ, அவை மீண்டும் கூடியது. கொடுந்தண்டனையே தகும் என்று கிளியோனும், கூடாது என்று டையோடோட்டஸும் வாதிட்டனர். மிகச் சிறிய வேறுபாட்டில் பழைய முடிவு மாற்றப்பட்டது. இரண்டாம் கப்பலின் துடுப்பாளர்கள் துடுப்பு வலித்தபடியே உண்டு, முறைவைத்து உறங்கிச் சென்று, தண்டனை நிறைவேறும் தறுவாயில் அதைத் தடுத்தனர்.

முதல் நாள் வாக்களித்தவர்களும் மறுநாள் வாக்களித்தவர்களும் ஒரே நகரத்து மக்கள்தாம். இரண்டு நாள்களும் பெரும்பான்மையே வென்றது. எனவே எண்ணிக்கை அவர்களை நல்லவர்கள் ஆக்கவில்லை. இடையில் வந்த ஓர் இரவும், உறுத்திய மனச்சான்றும், எதிர்த்தரப்பின் சொல்லைக் கேட்கும் பொறுமையுமே வேறுபாட்டைத் தந்தன.

கேட்கும் இந்தப் பொறுமைக்குக் கருவிகள் துணைசெய்ய முடியுமா? தைவான் நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. ஊபர் வாடகை வண்டிச் சேவையை அனுமதிப்பது பற்றி 2015இல் அங்கே கடும் பூசல் எழுந்தபோது, ‘பாலிஸ்’ என்னும் கட்டணமற்ற கணினிச் சேவை வழியே மக்கள் விவாதித்தனர். கிரேக்க மொழியில் நகர அரசைக் குறிக்கும் சொல்லே அதன் பெயர். ஒருவர் தம் கருத்தைச் சிறு வாக்கியமாக எழுதலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது முடிவு சொல்லாமல் கடந்து செல்லலாம். ஆனால் எழுதியவருக்கு மறுமொழி கொடுக்க வழியில்லை. ஆகவே வசைபாடவும் வாய்ப்பு அருகிவிடுகிறது. ஒத்த கருத்துடையோர் எந்தெந்த அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர் என்பதையும், எதிரெதிர் அணியினரும் ஒருங்கே ஏற்கும் வாக்கியங்கள் எவை என்பதையும் அது படமாகக் காட்டுகிறது. எதிர் அணிகளில் நின்றோரும் பயணிகளுக்கான காப்பீடு போன்றவற்றில் ஒன்றுபட்டிருந்தது அங்கே வெளிப்பட்டது. பின்னர் அரசு வகுத்த விதிகளுக்கும் அவ்விவாதம் உதவியது.

இது பாராட்டத்தக்கது. ஆயினும் எந்தக் கருவியும் தீர்க்காத சிக்கல் ஒன்று உள்ளது. ஏதென்ஸ் அவையில் மித்திலினி மக்களுக்கு வாக்கு இல்லை. யாருடைய உயிர் தராசில் கிடந்ததோ அவர்களே எண்ணப்படவில்லை. இரண்டாம் முடிவுக்குப் பின்னும் அந்நகரத்தார் ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டனர் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். நம் வீடுகளிலும் இது நிகழ்கிறது. மகளின் திருமணத்தைப் பற்றிச் சுற்றத்தார் அனைவரும் கருத்துச் சொல்வார்கள். மணக்கப்போகிறவளின் கருத்தைக் கடைசியில் கேட்பார்கள், அல்லது கேட்கவே மாட்டார்கள். அவையில் இல்லாதவருக்காக அவையில் இருப்பவர் நினைத்துப் பார்க்காவிடில், ஒருமித்த முடிவும் ஒருமித்த அநீதி ஆகிவிடும்.

புனித ஆசீர்வாதப்பர் தம் துறவற ஒழுங்கில், முக்கியமான செயல் எதையும் தொடங்குமுன் மடத்தார் அனைவரையும் கூட்டி ஆலோசனை கேட்கும்படி தலைவருக்குக் கட்டளையிடுகிறார். இளையவருக்கே பலமுறை ஆண்டவர் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று அதற்குக் காரணமும் கூறுகிறார். ஆனால் கேட்டபின் முடிவெடுப்பதும், அம்முடிவுக்காக இறைவன்முன் கணக்குக் கொடுப்பதும் தலைவரின் கடமை. ‘பெரும்பான்மையினர் சொன்னார்கள்’ என்று அவர் கை கழுவிவிட முடியாது. ‘எனக்கே எல்லாம் தெரியும்’ என்று கேளாமல் இருக்கவும் முடியாது.

சின்சினாட்டிச் சோதனையில் இன்னொரு செய்தியும் உண்டு. ‘இதைப் பற்றி உங்களுக்குக் கருத்து ஏதும் உண்டா?’ என்று முதலில் கேட்டுவிட்டு வினவியபோது, இல்லாத சட்டத்துக்குக் கருத்துச் சொன்னோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ‘தெரியாது’ என்று சொல்ல இடம் கொடுத்த அளவிலேயே பலர் நேர்மையாளர் ஆயினர். அந்த இடத்தை நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கலாம் அன்றோ? குடும்பத்திலும், பங்குப்பேரவையிலும், ஊர்க்கூட்டத்திலும் பிறர் கருத்தைக் கேட்கும்போது, ‘தெரியாவிட்டால் சொல்லுங்கள், நாளைக்குப் பேசுவோம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். ஏதென்ஸ் நகரத்தாருக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது.