உதைக்கத் தெரிந்தவனுக்கே மரியாதை

ஜொகூரில் குதிரை என்றால் அரண்மனையும் போலோ மைதானமும்தான் நினைவுக்கு வரும். தோட்டத்து வம்சமான நமக்கு ஆடு தெரியும், மாடு தெரியும். குதிரை தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. இருந்தாலும் ஓர் இளங்குதிரையைப் பழக்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் பழக்குகிறவர் நேராக முகத்துக்கு முன்னால் போய் நிற்க மாட்டார். தோள்பட்டைப் பக்கமாக, ஏதாவது பேசிக்கொண்டே வருவார். கழுத்தில் கை வைப்பார். தோல் சிலிர்க்கும். கையை எடுக்க மாட்டார். சிலிர்ப்பு அடங்கிய அந்த நொடியில் எடுத்துவிடுவார். தலைக்கயிற்றை இலேசாக இழுத்துப் பிடிப்பார்; குதிரை ஓர் எட்டு வைத்ததுமே கயிறு தளரும். அதற்குப் பாடம் சொல்வது அந்தத் தளர்வுதான். தளர்த்த நாலு நொடி தாமதித்தால், எதற்காகத் தளர்த்தினார் என்று அதற்குப் புரியாது. சேணம் ஏறுவதற்கு முன் வெறும் துணி பல நாள் அந்த முதுகில் ஏறி இறங்கும்.

பார்க்கிறவர்கள் “என்ன அன்பு, என்ன பொறுமை” என்று உருகுவார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை. வளர்ந்த குதிரை 500 கிலோ இருக்கும். பின்னங்காலால் ஒன்று விட்டால் விலா நொறுங்கும். அந்தப் பொறுமையில் பாதி, அந்தக் காலைப் பார்த்து வந்தது.

சந்தேகம் இருந்தால் உதைக்க முடியாத உயிர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பாருங்கள். மளிகைக் கடையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் ரோத்தான் தொங்குகிறது. மெல்லிய பிரம்பு, பிடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிளாஸ்டிக் வளைவு. விளையாட்டுச் சாமானோ என்று தோன்றும். சில வெள்ளிதான். யாரை அடிக்க வாங்குகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்பதில்லை. விலங்கைக் கொடுமைப்படுத்தினால், 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி 1,00,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பிள்ளையை அடித்தால் “கண்டிப்பான அப்பா” என்ற பெயர்.

உடனே ஒரு பழமொழி வரும்: அடியாத மாடு படியாது. மாட்டைக் கேட்டுச் சொன்ன பழமொழியா இது?

“அடித்தால் அடங்குகிறதே, அது பொய்யா?” என்பார்கள். பொய்யில்லை, அடங்கும். ஆனால் அடங்குவது புரிந்துகொள்வதாகாது. 1858இல் ஜான் ரேரி என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்குப் போய், குரூசர் என்ற முரட்டுக் குதிரையை அடக்கிக் காட்டினார். சாட்டையே இல்லை, மென்மையான முறை என்று ஊரே மெச்சியது. விக்டோரியா அரசியும் அவர் வித்தையைப் பார்த்தார். அவர் செய்தது இதுதான்: ஒரு முன்னங்காலை மடக்கி வாரால் கட்டுவார், குதிரை திமிறித் திமிறிக் களைத்துப் படுத்துவிடும், பிறகு தடவிக் கொடுப்பார். 1967இல் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் நாய்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பின்னர் தப்ப வழி இருந்தபோதும் படுத்தே கிடந்தன. நம் வீட்டில் “என் பிள்ளை பரம சாது, வாயே திறக்க மாட்டான்” என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பிள்ளை புரிந்துகொண்டவனா, கைவிட்டவனா என்று யார் பார்த்தது?

வளர்க்கத் தெரியாத குறையை வேறு எதன் தலையிலாவது கட்டுவது நமக்குப் பழக்கம்தான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவதையும் எழுதிவைத்தார். நம் புராணமோ, பாண்டியனிடம் நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒரு குறும்பு ஐயம் வரும். செத்த குதிரைகளுக்குக் கணக்குக் காட்ட நரி எவ்வளவு வசதி! இன்றும் பையன் சொல் கேட்கவில்லை என்றால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டுதானே ஓடுகிறோம்.

நம் பாட்டன்மாரோ அடிக்கும் பக்கத்தில் அல்ல, அடிபடும் பக்கத்தில் நின்றவர்கள். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பள உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1954இல் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தேசியச் சங்கம் அமைந்தது. துரைமார் மனம் திருந்திய கதையை நான் எங்கும் படித்ததில்லை. சங்கம் வந்த கதையைப் படித்திருக்கிறேன்.

அந்தப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் கல்வீடு கட்டி, சிலர் வீட்டுவேலைக்கு இந்தோனேசியப் பெண்ணையும் வைத்திருக்கிறார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் வேலை நேரம், வார ஓய்வு பற்றிய பிரிவுகள் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. அவருக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் பெருமாட்டி முகம் கோணாமல் இருப்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நேற்று அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், சொல்லுங்கள்.