வேளை குறித்திருக்கிறாயா?



ஒவ்வொரு மார்ச் மாதமும் பிளஸ் டூ பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு என்னிடம் ஜெபத்துக்கு வருகிறார்கள். சந்தோஷமாய் ஜெபிக்கிறேன். ஆனால், "பாஸ்டர், கெமிஸ்ட்ரி புத்தகத்தை இன்னும் திறக்கவே இல்ல" என்று ஒரு பிள்ளை கண்ணீரோடு சொல்லும்போது என் உள்ளம் உடைகிறது.

தானியேலைப் பாருங்கள். 120 தேசாதிபதிகளுக்கு மேலாக வைக்கப்பட்ட மூன்று பிரதானிகளில் ஒருவன். எவ்வளவு வேலை இருந்திருக்கும்! ஆனாலும் தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றான். ராஜாவின் வேலையிலும் அவனிடத்தில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்கு வேளை தவறாத பழக்கம் இருந்தது.

ஜூன் முதல் பிப்ரவரி வரை ஏறக்குறைய 270 நாள். கஷ்டமான பாடத்துக்குத் தினம் அரை மணி ஒதுக்கினால் 135 மணி நேரம்! கடைசி வாரம் ராத்திரி முழுக்கக் கண்விழித்தாலும் இது கிடைக்குமா?

ராத்திரியே பையை அடுக்கி வை. வீட்டுப்பாடம், டெஸ்ட் தேதி எல்லாம் ஒரே நோட்டில் எழுது. படிக்கிற வேளையில் செல்போன் அம்மா கையில் இருக்கட்டும். பெற்றோரே, அந்த நேரம் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருங்கள். டிவியையும் அணைத்து வையுங்கள்.

படிப்புக்குப் பதிலாக ஜெபத்தை வைக்காதே. ஜெபத்துக்குப் பதிலாகப் படிப்பையும் வைக்காதே. இரண்டுக்கும் வேளை குறி. இன்றைக்கே குறி. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.