வாக்குக்கு விலையுண்டோ?

வணிகத்தில் பொருளும் பணமும் கைமாறுகின்றன. அவற்றோடு கண்ணுக்குப் புலனாகாத மூன்றாவது ஒன்றும் கைமாறுகிறது. அதுவே வாக்கு. துணி விற்பவர் சாயம் போகாது என்கிறார். அரிசி விற்பவர் பழைய அரிசி என்கிறார். நகை விற்பவர் மாற்றுக் குறையாது என்கிறார். வாங்குவோர் அவ்வாக்கை நம்பியே பணப்பையைத் திறக்கின்றனர். அவ்வாக்குக்கென்று தனியே விலை கேட்பாரில்லை. பொருளின் விலைக்குள்ளேயே வாக்கும் அடங்கியிருந்தது.

வீட்டுச் சாதனங்கள் விற்கும் கடைகளில் இன்று வேறொரு வழக்கம் வேரூன்றிவிட்டது. குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கிப் பணம் செலுத்த முற்படும் வேளையில், "இன்னும் சில ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கட்டிவிடுங்கள், மேற்கொண்டு இரண்டாண்டுகளுக்குக் கவலையில்லை" என்று விற்பனையாளர் கூறுகிறார். நீட்டித்த உத்தரவாதம் என்பது இதன் பெயர். கடைவீதி வழக்கில் எக்ஸ்டெண்டட் வாரண்டி. இதை வாங்குவது தக்கதா என்னும் வினா, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சிறு கணக்கே. உள்ளே புகுந்து பார்த்தால் அச்சத்தை விற்கலாமா, வாக்கை விற்கலாமா என்னும் அறவினாக்கள் அதனுள் பொதிந்து கிடப்பதைக் காணலாம்.

வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்து அனுப்பும் பணத்தில் வீட்டுச் சாதனம் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. கடைவீதியில் அவற்றை விற்போரும் நம்மிடையே பலர். பணம் எண்ணும் மேசையின் இருபுறத்திலும் நாமே நிற்கின்றோம். ஆதலின் இருபுறத்து நியாயத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலில் கணக்கைக் காண்போம். முப்பதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள குளிர்பதனப் பெட்டிக்கு, இரண்டாண்டு நீட்டிப்புக்காக 2,500 ரூபாய் கேட்கப்படுவதாகக் கொள்வோம். பழுது நேர்ந்தால் சராசரியாக 5,000 ரூபாய் செலவாகும் என்றும் கொள்வோம். இவை விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களே. பத்துப் பெட்டிகளில் ஒன்று அவ்விரண்டாண்டுகளில் பழுதாகுமாயின், ஒரு பெட்டிக்கு வரக்கூடிய சராசரி இழப்பு 500 ரூபாய். அதனைத் தவிர்ப்பதற்கே 2,500 ரூபாய் தருகிறோம். கொடுத்த பணம் ஈடாக வேண்டுமென்றால், இரண்டு பெட்டிகளில் ஒன்று அக்காலத்திற்குள் பழுதாக வேண்டும். இரண்டில் ஒன்று பழுதாகும் பெட்டியை நீட்டித்த உத்தரவாதத்துடன் வாங்குவானேன்? அதனை வாங்காமலேயே விட்டுவிடலாமன்றோ!

இயந்திரங்கள் பழுதாகும் முறையையும் அறிந்துகொள்ளுதல் நலம். பொறியியலார் இதனை ஒரு வளைகோட்டால் விளக்குவர். குளியல் தொட்டியை ஒத்திருப்பதால் அதற்குக் குளியல் தொட்டி வளைகோடு என்றே பெயர். தொழிற்சாலையில் நேர்ந்த குறைகள் பயன்பாட்டின் தொடக்கக் காலத்தில் வெளிப்படும். அப்போது கோடு உயர்ந்து நிற்கும். பின்னர் நெடுங்காலம் அது தாழ்ந்து சமமாகச் செல்லும். உறுப்புகள் தேய்ந்து மூப்படையும்போது மீண்டும் உயரும். தொடக்கக் காலத்துக் குறைகளைத் தயாரிப்பாளரின் முதல் ஆண்டு உத்தரவாதமே பெரும்பாலும் காத்துவிடுகிறது. மூப்புக் காலம் வருவதற்குள் நீட்டித்த உத்தரவாதம் முடிந்துவிடுகிறது. ஆகவே பள்ளத்தில் கிடக்கும் அந்த நடுப்பகுதிக்கே நாம் மிகுதியாக விலை கொடுக்கின்றோம். அன்றியும், குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸருக்கும் சலவை இயந்திரத்தின் மோட்டாருக்கும் தயாரிப்பாளர்களே பத்தாண்டு வரையில் தனி உத்தரவாதம் தருவது பரவலான வழக்கம். பெருஞ்செலவு வைக்கும் உறுப்பு ஏற்கெனவே காக்கப்பட்டிருக்க, எஞ்சியவற்றுக்கே இரண்டாவது காவல் தேடுகிறோம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கணக்கு இவ்வளவு தெளிவாயிருந்தும் மக்கள் ஏன் வாங்குகின்றனர்? மனித மனத்தின் இயல்பே காரணம். டேனியல் கானெமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள் இருவர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதனை எடுத்துக் காட்டினர். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைக் காட்டிலும் நூறு ரூபாய் இழக்கும் துயரம் பெரிதாகத் தோன்றுகிறது. அரிதாக நேரக்கூடிய கேட்டுக்கு மனம் அளவுக்கு மீறிய எடை கொடுக்கிறது. புதிய பொருளை வீட்டுக்குக் கொண்டு செல்லும் ஆவலில் இருப்பவரிடம் அது பழுதாகும் காட்சியைக் காட்டினால், அவர் கை தானே பணப்பையை நாடும்.

இங்கேதான் விற்பவரின் அறம் சோதனைக்குள்ளாகிறது. பெட்டியை விற்கும் வரையில் அதன் உறுதியைப் புகழ்ந்த நா, விலை முடிந்தவுடன் அதன் உறுதியின்மையைப் பேசத் தொடங்குகிறது. "இருபது ஆண்டுகள் உழைக்கும்" என்று சொன்னவரே, "இரண்டாம் ஆண்டில் என்ன ஆகுமோ?" என்கிறார். இவ்விரு கூற்றுகளில் எது மெய்? முன்னது மெய்யாயின் பின்னது வீண் அச்சுறுத்தல். பின்னது மெய்யாயின் முன்னது பொய்ப் புகழ்ச்சி. இரண்டையும் ஒரே நாவால் ஒரே மணி நேரத்தில் சொல்வது நேர்மையான வணிகருக்கு அழகாகுமா?

ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் எழுதிய கட்டுரையொன்றில், பொருளின் தரத்தை விற்பவர் அறிந்திருக்க வாங்குபவர் அறியாதிருக்கும் நிலையை ஆராய்ந்தார். அந்த நிலையில் நம்பிக்கையை நிலைநாட்டும் வழிகளுள் ஒன்றாக உத்தரவாதத்தைக் குறிப்பிட்டார். தரம் குன்றினால் இழப்பு தம்மையே சாரும் என்று விற்பவர் ஏற்றுக்கொள்வதால், வாங்குபவருக்குத் துணிவு பிறக்கிறது. தயாரிப்பாளர் விலைக்குள்ளேயே தரும் உத்தரவாதத்தின் மாண்பு இதுவே. தம் பொருளின்மேல் அவர் கொண்ட உறுதிக்கு அது சான்று. அதே உத்தரவாதம் தனியே விலைபோகும்போது அதன் பொருளே தலைகீழாகிவிடுகிறது. அங்கே சான்று கூறும் துணிவு மறைந்து, அச்சத்தைக் காசாக்கும் திறமை தலைதூக்குகிறது.

இஸ்லாமிய வணிக நெறி இவ்விடத்தில் நமக்குச் சில விளக்கங்களைத் தருகிறது. விற்கும் பொருளிலுள்ள குறையை விற்பவர் மறைக்கலாகாது; மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனைக் கியாருல் ஐப் என்று வழங்கும். இவ்வுரிமைக்குத் தனி விலை இல்லை. விற்பனையோடு பிறந்த உரிமை அது. பிறருக்காகப் பொறுப்பேற்றுப் பிணை நிற்பதையும் நன்மை நாடிச் செய்யும் செயலாகவே பெரும்பாலான சட்ட அறிஞர்கள் கொண்டனர். அதற்குக் கூலி பெறுவதை அவர்கள் ஏற்கவில்லை. விளைவு அறியப்படாத ஒன்றை விற்பதில் உள்ள கரர் என்னும் நிச்சயமின்மையைக் கருதியே, ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1985 டிசம்பரில் கூடி, நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்பீட்டைக் கூடாதென்று தீர்மானித்தது. அதற்கு மாற்றாகக் கூட்டுறவுக் காப்பீட்டைப் பரிந்துரைத்தது. நீட்டித்த உத்தரவாதம் அவ்வகையில் அடங்குமா, அன்றித் தயாரிப்பாளரே தரும்போது விற்பனையின் ஒரு பகுதியாகுமா என்பதை ஆலிம் பெருமக்களே ஆய்ந்து கூற வேண்டும். தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆனால் அவ்விதிகளின் பின்னே நிற்கும் அறவுணர்வு நமக்கும் புரிகின்றது: ஒருவரின் அறியாமையும் அச்சமும் மற்றொருவரின் வருவாயாகிவிடலாகாது.

"முன்னெச்சரிக்கை தவறா? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரன்றோ தவக்குல்?" என்று சிலர் வினவலாம். நல்ல வினா. கட்டத்தான் வேண்டும், ஆனால் எந்தக் கயிற்றால் கட்டுவது என்பதையும் எண்ண வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் நல்ல ஸ்டெபிலைசர் வைப்பது கயிறு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஏ.சி.யின் வெளிப்புறப் பகுதியை அரிக்குமாதலின், அதற்குத் தக்க இடம் தேர்ந்து வைப்பதும் காலந்தவறாமல் கழுவித் துடைப்பதும் கயிறு. சலவை இயந்திரத்தில் அளவுக்கு மீறித் துணி திணிக்காமை கயிறு. இவை பழுதையே தடுப்பவை. நீட்டித்த உத்தரவாதம் பழுதைத் தடுப்பதில்லை. பழுதின் செலவை வேறொருவர்மேல் மாற்றுவதாக வாக்களிக்கிறது. அவ்வாக்கிலும், துரு, மின்னழுத்தக் கோளாறு, எலிக் கடி, பிளாஸ்டிக் பகுதிகளின் உடைவு ஆகியன அடங்கா என்று சிற்றெழுத்தில் விலக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் பல. நம் ஊர்களில் இயந்திரங்களைக் கெடுப்பவை பெரும்பாலும் இவையே அல்லவா?

அங்ஙனமாயின் எவரும் எக்காலத்தும் இதனை வாங்கலாகாது என்பது நம் கருத்தா? அன்று. தாங்க முடியாத இழப்புக்கே காவல் தேட வேண்டும் என்பதே நாம் கூற வருவது. தாங்கக்கூடிய இழப்பைத் தாமே தாங்குவது சிக்கனம், மனவுறுதியுங்கூட. ஐந்தாறு சாதனங்கள் உள்ள வீட்டில், ஒவ்வொன்றின் நீட்டிப்புக்கும் கொடுக்கவிருந்த தொகையை ஒரு தனிப் பெட்டியில் இட்டு வைத்தால், ஒன்றிரண்டு பழுதானாலும் அதிலிருந்தே செலவு செய்யலாம். எண்ணிக்கை பெருகப் பெருகச் சராசரி நிலைபெறும் என்னும் விதியை ஜேகப் பெர்னூலியின் நூல் 1713இல் உலகுக்கு உணர்த்தியது. காப்பீட்டு நிறுவனங்கள் அவ்விதியின்மேல் நின்றே பொருளீட்டுகின்றன. சிறிய அளவிலேனும் குடும்பமும் அதன்மேல் நிற்கலாம். பழுது நேராவிடின் பணம் நம்முடையதே.

ஆனால் ஒரு சாதனத்தை நம்பியே பிழைப்பு நடத்துவோரின் நிலை வேறு. மாவரைத்து விற்கும் கைம்பெண்ணின் கிரைண்டர் நின்றால் அவ்வீட்டின் அடுப்பும் நிற்கும். 5,000 ரூபாய்ச் செலவு அவருக்குப் பேரிடி. அவர் காவல் தேடினால் அதனைப் பேதைமை என்று எள்ளுதல் தகாது. அவ்வாறே, கணவர் அயல்நாட்டிலிருக்க முதியோரையும் குழந்தைகளையும் பேணி ஊரிலிருக்கும் பெண்மணிக்குப் பணத்தைவிட, அழைத்தவுடன் வந்து பழுது நீக்கும் நம்பகமான ஆள் தேவை. அதனை மெய்யாகவே தரும் ஒப்பந்தமாயின் விலை கொடுப்பதில் தவறில்லை. குடிநீர் சுத்திகரிக்கும் கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்து, இத்தனை முறை வந்து இன்னின்ன வடிகட்டிகளை மாற்றித் தரவேண்டும் என்று வரையறுத்தால், அங்கே நாம் வாங்குவது தெரிந்த உழைப்பு. தெரிந்த உழைப்புக்குக் கூலி தருவதும், தெரியாத நேர்ச்சிக்குப் பந்தயம் கட்டுவதும் ஒன்றாகா.

வாங்க முடிவு செய்வோர் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பொறுப்பேற்பவர் தயாரிப்பாளரா, கடைக்காரரா, மூன்றாமவரா? உத்தரவாதம் எந்நாளில் தொடங்குகிறது? எவை விலக்கப்பட்டுள்ளன? பழுதுபார்க்கும் நிலையம் நம் ஊருக்கு அருகில் உள்ளதா? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். அவசரமும் கூடாது. பிரிட்டனில் இவ்வணிகத்தை ஆராய்ந்த போட்டி ஆணையம் 2003இல் அறிக்கை அளித்தது. அதன் பின்னர் 2005இல் வந்த ஆணை, கடையில் கூறிய விலை 30 நாள்கள் வரையில் மாறாதிருக்க வேண்டுமென்றும், வாங்கியவர் 45 நாள்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாமென்றும் வகுத்தது. அச்சத்திற்கும் கையொப்பத்திற்கும் இடையே அச்சட்டம் காலத்தை நிறுத்தியது. அந்த இடைவெளியை நாமே நமக்கு வகுத்துக்கொள்ளலாம். பணங்கட்டும் மேசையருகே முடிவு செய்யாமல் வீட்டுக்குச் சென்று ஒப்பந்தத்தைப் படித்த பின் முடிவு செய்யலாம்.

ஏமாற்றப்பட்டோருக்கு நம் நாட்டிலும் வழியுண்டு. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளிலுள்ள குறைக்கும், காசு பெற்றுக்கொண்டு செய்யாத சேவைக்கும் மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டுகிறது. ரசீதைப் பாதுகாத்து வைப்பதே இவற்றுக்கெல்லாம் முதற்படி.

இறுதியாக இரு சாராருக்கும் ஒரு சொல். வணிகம் செய்யும் நம் சகோதரர்கள், வாடிக்கையாளரின் அச்சத்தைக் கிளறாமல் உள்ளதை உள்ளவாறு சொல்ல வேண்டும். "இது உங்களுக்குத் தேவைப்படாது" என்று ஒருமுறை சொல்லும் கடைக்காரரை ஊரே நம்பும். அந்த நம்பிக்கையில் விளையும் பரக்கத் எந்தக் கழிவுத் தொகையிலும் கிடைக்காது. வாங்கும் குடும்பங்களோ, தமக்குத் தேவையற்ற காவலுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, அதில் ஒரு பங்கையேனும் மஹல்லாவின் பைத்துல்மாலுக்கு அளிக்கலாம். மாவரைக்கும் அந்தத் தாயின் கிரைண்டர் நிற்கும் நாளில், வட்டியில்லாக் கடனாகவோ உதவியாகவோ அது அவர் கைக்குச் சேரும். அண்டை வீட்டார் துணை நிற்பர் என்னும் உறுதியே நம் முன்னோர் பெற்றிருந்த நீட்டித்த உத்தரவாதம். அவர்கள் அதற்கு விலை கேட்கவுமில்லை; விலை கொடுக்கவுமில்லை.