சத்தியத்திலிருந்து விடுவிப்பவர் யார்?

2022 ஜனவரி 22. கோவா சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம். காங்கிரஸ் வேட்பாளர்கள் பணஜி மகாலட்சுமி கோயிலிலும் பம்போலிம் சிலுவை ஆலயத்திலும் பெட்டிம் தர்காவிலும் சத்தியம் செய்தார்கள்: வென்றால் ஐந்தாண்டும் கட்சி மாறமாட்டோம். 2019 ஜூலையில் அக்கட்சியின் 15 எம்.எல்.ஏ.க்களில் 10 பேர் ஒரேயடியாக பா.ஜ.க.வுக்குப் போயிருந்தார்கள்; மக்களின் நம்பிக்கையை மீட்கச் சாமியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

வென்றவர்கள் 11 பேர். செப்டம்பர் 14 அன்று அவர்களில் எட்டுப் பேர் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து போனால், கட்சித்தாவல் தடைச் சட்டம் அதை இணைப்பு என்று ஏற்கிறது. சத்தியம் என்னவாயிற்று? கோயிலுக்குப் போய்க் கேட்டதாகவும், உனக்கு எது நல்லதோ அதைச் செய் என்று கடவுள் சொன்னதாகவும் அந்த எட்டுப் பேரில் ஒருவரான முன்னாள் முதல்வர் திகம்பர் காமத் விளக்கினார்.

இந்த விளக்கத்தைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: யாருடைய நன்மைக்காகச் சத்தியம் செய்யப்பட்டதோ, அவர் விடுவித்தால் அதன் கட்டு அவிழும். கோவாவில் அந்த நன்மைக்கு உரியவர்கள் வாக்காளர்கள். கடவுள் சாட்சி மட்டுமே. சாட்சியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, உரியவரைக் கேட்காமல் போனதுதான் தவறு.

தொகுதி வளர்ச்சிக்காகத்தானே போகிறார்கள் என்பார்கள். 2019இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து அணி மாறிய சந்திரகாந்த் கவ்லேகர் சொன்னதும் அதுதான்: தொகுதி வளராவிட்டால் அடுத்த முறை மக்கள் எப்படி வாக்களிப்பார்கள்? வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர்கூட, குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் இடத்தைக் கொடுக்கிறார். ஆனால் நிபந்தனை கடுமையானது. ஆளுங்கட்சிக்கு மாறினால்தான் சாலையும் குடிநீரும் வரும் என்றால், மாறாதவரின் தொகுதிக்கு அவை மறுக்கப்படுகின்றன என்றே பொருள். வரிப்பணம் எல்லோருடையது. ஒரு ஊரைக் காயவைத்து இன்னோர் ஊருக்குப் பாய்ச்சும் நீரைக் குற்றமற்ற நன்மை என்று எப்படி ஏற்பது?

கவ்லேகர் துணை முதல்வரானார். 2022 தேர்தலில் அவருடைய கேப்பெம் தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்துக் காங்கிரஸ் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். காமத் 2025 ஆகஸ்டில் அமைச்சரானார். அவரை விடுவிப்பதா என்ற கேள்வி அவருடைய மட்காவ் தொகுதி வாக்காளர்களிடம் 2027 தேர்தலில்தான் வரும்.