பாவாடை என்று சொல்லாமல்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை 14 மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகிறது. முழுக்க நடந்து முடிக்க மாதக்கணக்காகும். அங்கே நடக்கிற ஆண்களில் சிலர் கால்சட்டையை விட்டுவிட்டு, முழங்கால்வரை வரும் மெல்லிய நைலான் ஆடையொன்றை இடுப்பில் சுற்றிக்கொள்கிறார்கள். கேட்டால் காரணங்கள் தயாராக இருக்கின்றன: காற்று புகுகிறது, வியர்வையில் தொடை உரசிப் புண்ணாவதில்லை, பாறைமேல் காலை எட்டி வைக்க முடிகிறது, நனைந்தாலும் நடக்க நடக்கவே உலர்ந்துவிடும். எடை சில நூறு கிராம். முள்ளும் உண்ணியும்தான் எதிர்த்தரப்பு. வேட்டியை மடித்துக் கட்டி வரப்பில் நடந்தவர்களுக்கு இதில் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது அதன் பெயர். 'கில்ட்' என்கிறார்கள். வெட்டிலும் தையலிலும் இவற்றில் பலவற்றைப் பெண்களின் குட்டைப் பாவாடையிலிருந்து பிரித்தறிவது கடினம். தமிழில் எழுத உட்காரும்போது விஷயம் அம்பலமாகிவிடுகிறது. நம்மிடம் இருப்பது 'பாவாடை' என்ற சொல். அதை ஓர் ஆணைப் பார்த்துச் சொன்னால் வர்ணனையாக நிற்பதில்லை, வசவாகிவிடுகிறது. 'கில்ட்' வசவாவதில்லை. அந்தச் சலுகை அதற்கு எப்படி வந்தது?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டான் தைக்காத நீளக் கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாகச் சேர்த்து இடுப்பு வாரால் கட்டிக்கொண்டான். பகலில் உடை, இரவில் போர்வை. ஓடையும் சேறும் கடக்கிறவனுக்கு ஏற்றது. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டுக் கலகம் நசுக்கப்பட்டதும் லண்டன் பாராளுமன்றம் இவ்வுடையை ஆண்களுக்குத் தடை செய்தது. முதல் குற்றத்துக்கு 6 மாதச் சிறை, மறுமுறை 7 ஆண்டு நாடுகடத்தல். விதிவிலக்கு, அரசனின் படையில் சேர்ந்தவனுக்கு. 1782இல் தடை நீங்கியபோது அந்த உடைக்குப் பழைய அர்த்தம் மிஞ்சவில்லை. நடக்கிறவனின் துணி துப்பாக்கி ஏந்துகிறவனின் துணியாகியிருந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வைபவத்தில் அரசனே அதை உடுத்தினான். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள்வரை அது போயிற்று.

மலையேறுகிறவன் இந்தப் பெயரைச் சொல்லும்போது அந்தப் பழைய விதிவிலக்கைத்தான் திரும்பக் கேட்கிறான். 'நான் பெண்ணைப்போல் உடுத்தவில்லை, போர்வீரனைப்போல் உடுத்தியிருக்கிறேன்' என்பது அதன் உள்வாக்கியம். சௌகர்யம் பற்றிய பட்டியலும் இதே வகைச் சமாதானம். கால்சட்டை போட்டவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. 2008இல் அமெரிக்கத் தபால்காரர் ஒருவர் கில்ட்டையும் சீருடையாக அனுமதிக்கக் கோரினார். சொன்ன காரணங்கள் இவையே. தொழிற்சங்க மாநாடு தீர்மானத்தைத் தோற்கடித்தது. காரணங்கள் பலவீனமாக இருந்ததால் தோற்றது என்று நான் நம்பவில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு. தொடைப்புண் ஆற வேண்டும் என்று மட்டும் விரும்புகிறவனிடம் போய், ஆண்மை என்ற பிரமையை நீ ஏன் உடைக்கவில்லை என்று கேட்க நான் யார்? ஒவ்வொரு சௌகர்யத்தையும் ஒரு கொள்கையாக்கச் சொல்வதும் அதிகாரமே. ஒப்புக்கொள்கிறேன். அவன் சும்மா உடுத்திக்கொண்டு நடந்தால் எனக்குக் கேள்வி இல்லை. 'இது பாவாடை இல்லை' என்று அவன் முந்திக்கொண்டு சொல்லும்போதுதான் கேள்வி எழுகிறது. பாவாடை கேவலம் என்பதை அவன் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. தன் கால்களுக்கு விடுதலை வாங்க, பெண்ணாயிருப்பது இழிவு என்ற பழைய தீர்ப்பைப் புதுப்பித்துத் தருகிறான். அந்த விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

பெண்கள் பகுதியிலேயே வாங்கி, பாவாடை என்றே சொல்லி நடக்கிற ஆண்களும் இருக்கிறார்கள். காற்று அவர்களுக்கும் அதே அளவுதான் புகுகிறது. எடை குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட வெட்டிவிடுகிறவர்கள் உண்டு அந்தப் பாதையில். இந்தப் பெயரின் எடையைப் பலர் இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை.